சிவப்பு மை பார்த்த வேலை

ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் யோகான்னஸ் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிள் 1455 வாக்கில் முடிந்தது. லத்தீன் மொழி, பக்கத்துக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 42 வரி, மொத்தம் ஏறத்தாழ 1,280 பக்கம். ஐரோப்பிய அச்சு வரலாற்றைச் சொல்பவர்கள் எல்லாரும் தொடங்கும் இடம் இதுதான். ஆனால் அதன் முதல் சில தாள்களில் நடந்ததைப் பலரும் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். முதல் பக்கத்தின் தலைப்பில், புனித ஜெரோமின் கடிதம் தொடங்குகிறது என்று அறிவிக்கும் வரிகள் சிவப்பு மையில் அச்சாகியிருக்கின்றன. இன்னும் ஒருசில பக்கங்களிலும் அப்படியே. பிறகு சிவப்பு நின்றுபோகிறது. தலைப்பு வரவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் இருக்கிறது. வேலை பாதியில் இருக்கும்போதே பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட முடிவு செய்ததால், தொடக்கப் பக்கங்களை மறுபடி அச்சுக்கோக்க வேண்டிவந்தது. அந்த இரண்டாவது கோப்பில் முதல் பக்கத்துக்குக்கூடச் சிவப்பு கிடையாது. செய்துபார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை, விட்டுவிட்டார்கள்.

விட்டது அச்சிடுவதைத்தான், சிவப்பையே அல்ல. வாங்கியவர் கட்டடம் போடாத தாள்களைக் கொண்டுபோய், சிவப்பும் நீலமும் எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் எந்தத் தலைப்பை எழுதுவது என்று அவருக்குச் சொல்ல எட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு வழிகாட்டிப் பட்டியலே அச்சடித்திருக்கிறார்கள். வேலை முடிந்தால் தூக்கி எறிய வேண்டிய தாள் அது; எப்படியோ மியூனிக்கிலும் வியன்னாவிலும் ஒவ்வொன்று தப்பியிருக்கிறது. மைன்ஸ் நகரின் புனித ஸ்தேவான் ஆலயத்தைச் சேர்ந்த ஹைன்ரிஷ் க்ரெமர் என்ற குரு ஒரு பிரதிக்குச் சிவப்பு எழுதிக் கட்டடமும் போட்டு, முடித்த தேதியை இரண்டு தொகுதிகளிலும் குறித்துவைத்தார். இரண்டு தேதியும் 1456 ஆகஸ்ட் மாதத்தைச் சேர்ந்தவை. இன்று பாரிஸில் இருக்கும் அந்தப் பிரதிதான், பைபிள் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது என்பதற்கான உறுதியான சான்று. அச்சிட்டவர் புத்தகத்தில் தேதி போடவில்லை. தேதி வந்தது சிவப்பு எழுதியவரின் கையிலிருந்து.

கையெழுத்துச் சுவடி அழகுக்காக, அச்சு வசதிக்காக. எந்திரம் வந்ததும் அழகு செத்தது என்று பொதுவாக ஒரு கதை சொல்வார்கள். அலங்காரம் எழுத்தின்மேல் போர்த்திய பட்டாடை, கழற்றிவிட்டாலும் உள்ளே இருப்பது குறையாது என்ற எண்ணம் அந்தக் கதைக்கு அடியில் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கன்றுத்தோலும் காகிதமும் விலை மிகுந்திருந்த காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில், ஒரு வணிகர் வெற்றிடம் விட்டு அச்சடிக்கிறார் என்றால், அந்த இடத்தில் வரப்போவது இல்லாமல் புத்தகம் புத்தகமாகாது என்று அவரும் வாங்குபவரும் நினைத்தார்கள் என்றுதான் பொருள். நிறம் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வேலையை மலிவாகச் செய்யும் வேறொன்று வந்தபோது நிறம் போயிற்று. வராத இடங்களில் இன்றுவரை இருக்கிறது.

அந்த வேலை என்ன என்று புரிய, இன்றைய பைபிளிலிருந்து சிலவற்றை மனத்தால் அழித்துப் பார்க்க வேண்டும். வசன எண்கள் கிடையாது. பாராப் பிரிவு கிடையாது. பக்க எண்ணும் கிடையாது. அதிகார எண்கள் மட்டும் உண்டு. அவையும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பல்கலைக்கழகச் சூழலில் ஸ்டீபன் லாங்டன் வகுத்த பிரிவினை நிலைபெற்ற பிறகு வந்தவை. கருப்பு மையில் சுவர்போல் நிற்கும் இரண்டு பத்திகளில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கேதான் சிவப்பும் நீலமும் வருகின்றன. பக்கத்தின் மேல் விளிம்பில் எந்த ஆகமம் என்பதை எழுத்துக்கு எழுத்து சிவப்பும் நீலமும் மாறிமாறி எழுதியிருப்பார்கள். அதிகாரம் தொடங்கும் எழுத்து ஒன்றில் சிவப்பு, அடுத்ததில் நீலம். வாக்கியம் தொடங்கும் பெரிய எழுத்தின்மேல் ஒரு சிறு சிவப்புக் கீற்று. குட்டன்பர்க் பைபிளின் பிரதிகளில் இந்தக் கீற்றைக்கூட ஆயிரக்கணக்கான முறை கையால் இழுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து யாரும் அழகில் மயங்கப்போவதில்லை. வாசிப்பவரின் கண் தடுமாறாமல் அடுத்த வாக்கியத்துக்குப் போகும், அவ்வளவுதான். குர்ஆன் சுவடிகளிலும் இதே கதைதான்: வசன முடிவில் பொன்னால் ஒரு சிறு பூ, ஐந்தாவது வசனத்துக்கும் பத்தாவது வசனத்துக்கும் ஓரத்தில் வேறு வேறு குறி. ஓதுபவர் எங்கே நிறுத்தினோம் என்று எண்ணிக்கொள்ள உதவுபவை அவை.

சங்கீதப் புத்தகத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். குருமார் 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். லத்தீன் எண்ணிக்கைப்படி ஞாயிறு அதிகாலைக்கு 1, திங்களுக்கு 26, செவ்வாய்க்கு 38, புதனுக்கு 52, வியாழனுக்கு 68, வெள்ளிக்கு 80, சனிக்கு 97, ஞாயிறு மாலைக்கு 109 என்று தொடங்கும் இடங்கள் உண்டு. இடைக்காலச் சங்கீதச் சுவடியைப் புரட்டினால் பெரும்பாலும் இந்த எட்டு இடங்களில் முதலெழுத்து பெரிதாக, பொன்னோடும் உருவங்களோடும் நிற்கும். மற்றச் சங்கீதங்களுக்கு நடுத்தர எழுத்து; ஒரு சங்கீதத்துக்குள் வரும் வரிகளுக்குச் சின்ன எழுத்து. விடியற்காலையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தூக்கம் கலையாத ஒருவர் இன்று எந்தக் கிழமையோ அதற்குரிய பக்கத்தைப் பிடிக்க வேண்டும். எழுத்தின் அளவே அவருக்குக் கிழமையைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது நியாயம். பிரபுக்களும் சீமாட்டிகளும் லட்சணமாகக் கையில் வைத்துக்கொண்ட ஜெப மணிநேரப் புத்தகங்கள் இருக்கின்றனவே? பெரி கோமகனுக்காக லிம்பூர்க் சகோதரர்கள் தீட்டியது போன்ற சுவடிகளில் ஓவியத்துக்காகத்தான் எழுத்து, எழுத்துக்காக ஓவியமில்லை என்று சொல்லத் தோன்றும். பணப் பெருமை அதில் இருந்தது, மறுக்க முடியாது. ஆனாலும் அந்தப் பெருமை எங்கே போய் உட்கார்ந்தது என்று பாருங்கள். மரியாளுக்குத் தூதர் செய்தி சொல்லும் படம் வந்தால் அங்கே இரவு ஜெபம் தொடங்குகிறது. மரியாள் எலிசபெத்தைச் சந்தித்தால் விடியல் ஜெபம். இயேசுவின் பிறப்பு காலை முதல் மணிக்கு, இடையருக்குச் செய்தி அடுத்ததற்கு, ஞானியர் வருகை நண்பகலுக்கு, எகிப்துக்கு ஓடிப்போவது மாலைக்கு. இந்த வரிசை பெரும்பாலான புத்தகங்களில் ஒன்றுதான். லத்தீன் அரைகுறையாகத் தெரிந்த, பக்க எண் என்ற ஒன்றையே அறியாத வாசகி படத்தைப் பார்த்து ஜெபத்தைப் பிடித்துக்கொண்டாள். வசதியுள்ளவர் அதே குறியைப் பொன்னில் செய்துகொண்டார், வசதியில்லாதவர் வெறும் சிவப்பில். குறி ஒன்றுதான்.

இதைவிடக் கடினமான மறுப்பு அயர்லாந்திலிருந்து வருகிறது. கி.பி. 800 வாக்கில் எழுதப்பட்டு இப்போது டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் கெல்ஸ் நற்செய்திச் சுவடியைத்தான் சொல்கிறேன். 340 ஏடுகள்; நிறமே இல்லாத பக்கங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் முன்பகுதியில் தூண்களும் வளைவுகளுமாக, நான்கு நற்செய்திகளிலும் ஒத்துவரும் பகுதிகளைக் காட்டும் அட்டவணைகள் இருக்கின்றன. அந்த அட்டவணை பயன்பட வேண்டுமானால் நற்செய்தியின் ஓரத்தில் பகுதி எண்கள் இருக்க வேண்டும். கெல்ஸ் சுவடியில் அவற்றை எழுதி முடிக்கவே இல்லை. ஆக, உலகத்திலேயே அழகான பொருளடக்கம், எதற்கும் உதவாமல் நிற்கிறது. என் வாதத்துக்கு இது நல்ல அடிதான். பீடத்தின்மேல் வைத்து வணங்குவதற்காகச் செய்த புத்தகம் அது. அதில் தேடி வாசிப்பது இரண்டாம்பட்சம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் அலங்காரம் கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. புகழ்பெற்ற அந்தக் கிறிஸ்து என்ற எழுத்துக்கோலப் பக்கம் மத்தேயு முதல் அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில் வருகிறது. தலைமுறை அட்டவணை முடிந்து பிறப்பின் கதை தொடங்கும் மூட்டு அது. அதே இடத்தில் அதே எழுத்தைப் பெரிதாக்கும் வழக்கம் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தைய லிண்டிஸ்ஃபார்ன் சுவடியிலும் இருக்கிறது. பிற்பகுதியில் ஒரு பக்கத்தை எழுத்தர் தவறுதலாக இரண்டு முறை எழுதிவிட்டார். அதைக் கிழிக்கவில்லை, வேண்டாத பக்கத்தில் சிவப்புச் சிலுவைகளைப் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். பார்ப்பதற்காகவே செய்த புத்தகத்திலும் பிழை திருத்தும் வேலை சிவப்பிடம்தான் போயிற்று.

சரி, நிறம் அவ்வளவு முக்கியம் என்றால் அச்சால் அதைச் செய்ய முடியவில்லையா? செய்து காட்டிவிட்டார்கள், அதுவும் உடனே. குட்டன்பர்க்குக்குக் கடன் கொடுத்து, பிறகு வழக்கும் போட்ட யோகான் ஃபூஸ்ட், பீட்டர் ஷோஃபரோடு சேர்ந்து 1457 ஆகஸ்ட் 14 என்ற தேதியிட்டு ஒரு சங்கீதப் புத்தகத்தை மைன்ஸில் வெளியிட்டார். தேதியும் அச்சிட்டவர் பெயரும் தாங்கி ஐரோப்பாவில் வந்த முதல் புத்தகம் அது. கன்றுத்தோலில் அச்சான பத்துப் பிரதிகள்தான் எஞ்சியிருக்கின்றன. ஷோஃபர் இளமையில் பாரிஸில் சுவடி எழுதியவர். கைக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தின் முதலெழுத்துகள் சிவப்பு, சுற்றிக் கொடிபோல் ஓடும் கோடுகள் நீலம், அல்லது மாற்றி. கோடுகள் மயிரிழை அளவுக்கு நுணுக்கமானவை. எழுத்தும் கொடியும் தனித்தனி உலோகத் துண்டுகளாக இருந்து, வெவ்வேறு மை பூசி, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி அச்சடித்தார்கள் என்பது பரவலான விளக்கம். புத்தகத்தின் முடிவுரையில், பேனா தொடாமலே முதலெழுத்து அழகும் சிவப்பும் வந்துவிட்டன என்று பெருமையடித்துக்கொள்கிறார்கள். அதே முடிவுரையில் சங்கீதம் என்ற லத்தீன் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றன. அச்சின் பெருமையும் அச்சுப்பிழையும் ஒன்றாகவே பிறந்திருக்கின்றன என்பதில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு.

ஆக, முடியாமல் நிற்கவில்லை. அந்த வித்தையைப் பிற அச்சகங்கள் பெரிதாகப் பின்பற்றவில்லை. அதே அச்சகம் பிறகு போட்ட பல புத்தகங்களிலும் முதலெழுத்துக்கு வெற்றிடம்தான். காரணம் வேலையின் கணக்கு. சாதாரண முறையில் இரண்டு நிறம் அச்சடிக்க, ஒரே தாள் இரண்டு முறை அச்சுப்பொறிக்குள் போக வேண்டும். சிவப்பு வரவேண்டிய வரிகளுக்கு மட்டும் சன்னல் வெட்டிய ஒரு மறைப்புத் தாளைச் சட்டத்தில் மாட்டுவார்கள். மற்ற எழுத்தெல்லாம் மறைந்திருக்கும், சன்னலில் தெரிவது மட்டும் தாளில் பதியும். பிறகு அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தாழ்வான வெற்றுக் கட்டைகளைச் சொருகி, மற்றதற்குக் கருப்பு. தாளை ஈரப்படுத்தித்தான் அச்சடிப்பார்கள்; முதல் நிறத்துக்கும் இரண்டாவது நிறத்துக்கும் நடுவில் அது காய்ந்து சுருங்கினால், சிவப்பு வரி கருப்பு வரியின்மேல் ஏறி உட்காரும். ஆளும் நேரமும் ஏறக்குறைய இரட்டிப்பு.

இந்த இடைவெளியில்தான் சுவையான ஒரு மாற்றம் நடந்தது. முதலெழுத்துக்கான வெற்றிடத்தின் நடுவில், எழுதுபவர் தவறாமல் இருக்க, எந்த எழுத்து என்பதைச் சின்னதாக அச்சிட்டு வைத்தார்கள். அதன்மேல் பெரிய எழுத்தை வரைந்தால் இது மறைந்துவிடும். ஆனால் 15ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த ஏராளமான புத்தகங்களில் அந்தப் பெரிய எழுத்து வரவே இல்லை. நான்கைந்து வரி உயர வெள்ளைச் சதுரம், நடுவில் தனியாக ஒரு பொடி எழுத்து. வாங்கியவர் எழுத்தருக்குக் கூலி கொடுக்காமலே வாசித்துவிட்டார்! அதிகாரம் தொடங்குகிறது என்பதை வெள்ளைச் சதுரமே சொல்லிவிட்டது. முடிக்காத பக்கத்தை வாசிக்க வாசகர் பழகிக்கொண்டதும் வெற்றிடம் என்பதே ஒரு குறியாகிவிட்டது. அப்புறம் மரக்கட்டையில் செதுக்கிய முதலெழுத்தைக் கருப்பிலேயே போட்டார்கள். எழுத்தின் அளவு, வடிவம், இருக்கும் இடம் ஆகியவை நிறத்தின் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டன. வெனிஸில் டேனியல் போம்பெர்க் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட யூத மறைநூலான தல்மூத் இதற்கு உச்சம்: மூலம் பக்கத்தின் நடுவில் சதுர எழுத்தில், உரையாசிரியர் ராஷியின் உரை ஒரு புறம், பின்வந்தோர் குறிப்பு மறுபுறம், இரண்டுமே வேறொரு வடிவ எழுத்தில். ஒரே கருப்பு மையில் மூன்று குரல்கள் கலக்காமல் நிற்கின்றன. அந்தப் பதிப்பின் தாள் எண்களைத்தான் யூதர்கள் இன்றும் மேற்கோளுக்குப் பயன்படுத்துகிறார்கள். 1551-ல் ராபெர் எத்தியேன் ஜெனீவாவில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டதும் கணக்கு முடிந்தது. எண் வந்த பிறகு சிவப்புக் கீற்றைத் தேட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

சீர்திருத்தச் சபையின் எளிமை நோக்கம்தான் அலங்காரத்தைக் கொன்றது என்று சொல்வோரும் உண்டு. காலக்கணக்கு இடிக்கிறது. மார்ட்டின் லூதர் பேசத் தொடங்கியது 1517-ல். வெற்றிடங்கள் நிரப்பப்படாமல் நின்றது அதற்கு முந்தைய தலைமுறையில். லூதரும் படத்துக்கு எதிரியாக நடந்துகொள்ளவில்லை. 1522-ல் வந்த அவருடைய புதிய ஏற்பாட்டின் வெளிப்படுத்தல் பகுதிக்கு ஓவியர் க்ரானாக்கின் பட்டறை 21 முழுப்பக்க மரச்செதுக்குப் படங்கள் செய்தது. 1534-ல் வந்த முழு பைபிளில் நூற்றுக்கு மேல். எல்லாம் கருப்பு மை. எதிர்முனையில் கத்தோலிக்கத் திருப்பலிப் புத்தகத்தைப் பாருங்கள். 1570-ல் ரோம் ஒரே சீரான புத்தகத்தை வகுத்தபோது அது சிவப்பும் கருப்புமாகத்தான் வந்தது; ஆண்ட்வெர்ப்பில் ப்ளாண்டினின் அச்சகம் ஸ்பெயின் மன்னரின் நாடுகளுக்காக அந்த இரட்டை வேலையை மலைமலையாகச் செய்தது. இன்றும் பீடத்திலுள்ள புத்தகத்தில் சிவப்பு உண்டு. கருப்பில் இருப்பதைக் குரு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையை விரி, தலைவணங்கு என்று சிவப்பில் இருப்பதைச் செய்ய மட்டும் வேண்டும். மாற்றி வாசித்தால் வழிபாடே கேலியாகிவிடும். அந்த ஆபத்தை எந்த எண்ணாலும் தடுக்க முடியாது. ஆகவே இரட்டிப்புச் செலவைத் திருச்சபை நாலு நூற்றாண்டாகக் கொடுத்துவருகிறது. திருநாள்களைச் சிவப்பில் குறிக்கும் சபை நாள்காட்டியின் வழக்கமும் அப்படியே தங்கி, நம் வீட்டுச் சுவரின் தினசரிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைத் தாள்வரை வந்திருக்கிறது.

தமிழ் வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: நம் ஓலைச்சுவடியில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் அதில்தானே வாழ்ந்தன? உண்மை. கிழக்கிந்தியாவின் பௌத்த ஏடுகளில் மையால் எழுதி ஓவியமும் தீட்டினார்கள்; எழுத்தாணியால் கீறிக் கரி தேய்க்கும் நம் ஏட்டில் ஒரே நிறம்தான். சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, புள்ளி பெரும்பாலும் இல்லை, மூலமும் உரையும் ஒரே ஓட்டம். ஆனால் அந்த ஏட்டைத் தனியாக எடுத்து யாரும் வாசிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிரியர் அருகில் இருந்தார், பாட்டு மனப்பாடமாக இருந்தது, யாப்பும் பண்ணும் நிறுத்த வேண்டிய இடத்தைக் காதுக்குச் சொல்லின. பக்கம் செய்ய வேண்டிய வேலையைக் குரல் செய்தது. அந்தக் குரல் அறுந்த நூல்களைப் பதிப்பிக்க 19ஆம் நூற்றாண்டில் நம் பதிப்பாசிரியர்கள் உட்கார்ந்தபோது, எது மூலம் எது உரை என்று பிரிப்பதே பெரும்பாடாகிவிட்டது. பிரித்த பிறகு அச்சில் என்ன செய்தார்கள்? மூலத்துக்குப் பெரிய எழுத்து, உரைக்குச் சிறிய எழுத்து. மைன்ஸிலிருந்து வெனிஸ் வரை நடந்தது, நிறம் என்ற நடுப்படி இல்லாமலே சென்னையில் நடந்திருக்கிறது.

மலிவான மாற்று வந்ததால் நிறம் போயிற்று என்றால், அது ஏன் திரும்பி வந்தது என்பதற்கும் பதில் வேண்டும். 1899-ல் நியூயார்க்கில் லூயி க்ளாப்ஷ் என்ற பத்திரிகையாசிரியர் இயேசு பேசும் சொற்களை மட்டும் சிவப்பில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். இரண்டே ஆண்டில் முழு பைபிளும் அப்படி வந்தது. ஆங்கில உலகில் இன்றும் அது நன்றாக விலைபோகும் வகை. பார்த்தால் பக்தி அலங்காரம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் எந்த எண்ணும் செய்யாத ஒரு வேலையை அது ஏற்றுக்கொண்டது: பேசுவது யார் என்று சொல்வது. பழைய கிரேக்கச் சுவடிகளில் மேற்கோள் குறி கிடையாது. எனவே சிவப்பு எங்கே முடிய வேண்டும் என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் இயேசு நிக்கொதேமுவிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு 15ஆம் வசனத்தோடு முடிகிறது, அதற்குமேல் நற்செய்தி எழுதியவரின் கூற்று என்று ஒரு சாராரும், 21 வரை அவரே பேசுகிறார் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்புகளும் மேற்கோளை இரண்டு விதமாக மூடுகின்றன. உலகத்தில் அதிகம் பேர் மனப்பாடமாகச் சொல்லும் 16ஆம் வசனம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதைச் சிவப்பில் விடுவதா கருப்பில் விடுவதா என்பது மை தீட்டுபவரின் ரசனையைப் பொறுத்த விஷயமில்லை. அதைச் சொன்னது இயேசுவா, யோவானா என்பதற்கு அந்தப் பதிப்பு கொடுக்கும் தீர்ப்பு அது.